அந்தோனியாருக்கு நேர்ந்த தாடி

அஜக்ஸ்
5 மே 2025, திங்கள்

மாக்கஸ் அறிய,

சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். அதை அன்புராசாவிடமே கேட்டுவிட்டேன். "அத்தான் நல்லாத்தான் இருக்கிறார் அக்கா, இருமல் மட்டும் கொஞ்சம் கூட" என்றான். என் தம்பி வீடு எரிந்தாலும் மதில் நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடியவன். ஆகவே உங்களிடம் கேட்கவில்லை.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். வட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்புகிறீர்கள். நான் கலியாணம் கட்டியது ஒரு முழு மனிதனை. கட்டைவிரலோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது. நான் எழுதுவதைப் பார்த்த நடாஷா, "அம்மா, யூ கைஸ் ஹாவ் போன்ஸ்" என்றாள். "ஓம் பிள்ளை, அதாலதான் மாமா வீட்டில வந்து நிக்கிறம்" என்றேன்.

அன்புராசா உங்களோடு வேலைக்கு வருகிறவன். நான் அவனுடைய வீட்டில் இருக்கிறவள். எனக்குக் கோபம் உங்களோடுதான், உங்கள் வயிற்றோடு அல்ல. எனவே சாப்பாட்டுப் பை வழமைபோல அவனுடைய கையில் வரும். கடிதம் பையின் பக்கப் பொக்கற்றில் இருக்கும். பதிலையும் அதிலேயே வையுங்கள். அவன் திறந்து பார்க்க மாட்டான். அவன் இந்த ஊருக்கு வந்த பிறகு எதையும் வாசித்ததில்லை.

நான் வீட்டை விட்டு வந்தது "உடுப்புத் தோய்க்கிற பிரச்சினை" என்று நீங்கள் கோவிலடியில் சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். நடந்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன். சீமெந்துப் பலகை வெட்டியபோது போட்டிருந்த சேர்ட்டை வீட்டுக்குள் நின்று உதறினீர்கள். நடாஷா இருமினாள். நீங்களும் இருமினீர்கள், அவள் நிறுத்தினாள், நீங்கள் நிறுத்தவில்லை. எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். "நீர் நேர்சிங் ஹோமில கிழவங்களைப் பாத்துப் பாத்து எல்லாரையும் வருத்தக்காரராப் பாக்கிறீர்" என்றீர்கள்.

நான் பராமரிக்கும் குலசிங்கம் கிழவர் அல்ல. உங்களைவிட இளையவர். குசினி மேடைக்குக் கல் வெட்டிய மனிதர். இப்போது மூக்கில் ஒட்சிசன் குழாய். தண்ணீர் வேண்டும் என்று சொல்லத் தொடங்கி நடுவில் ஒருதரம் இளைப்பாறுகிறார். அவருடைய நுரையீரலில் இருக்கும் தூசிக்குப் பெயர் சிலிக்கா. அதுதான் உங்கள் பலகையிலும் இருக்கிறது.

இன்றைய பையில் பிட்டுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே இறப்பர் முகமூடி, இரண்டு கன்னத்திலும் இளஞ்சிவப்பு வடிகட்டிகளோடு. அதைப் போடுங்கள். எக்ஸ்ரே எடுங்கள். இரண்டும் நடந்த அன்று நான் வீட்டுக்கு வருவேன். ஒன்று நடந்தால் வரமாட்டேன்.

பேர்ணடெற்


ஸ்காபரோ
7 மே, புதன்

பேர்ணடெற்றுக்கு,

பிட்டு கிடைத்தது. அதற்குக் கீழே இருந்ததும் கிடைத்தது. அன்புராசா அதை மாட்டிக்கொண்டு, "அத்தான், நான் இப்ப பைலற்" என்றான். பிறகு வியர்க்கிறது என்று கழற்றிவிட்டான். எங்கள் சமூகத்தில் விமானிகள் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நீர் நினைப்பதுபோல நான் அறிவில்லாமல் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு கட்டுப் பலகையிலும் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, பிரெஞ்சில் இருக்கிறது, முகமூடி போட்ட ஒரு தலையின் படமும் இருக்கிறது. தமிழில் இல்லாதபடியால் அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உமது தம்பியின் சட்ட அபிப்பிராயம். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. வெளியில் நின்று வெட்டுகிறேன், காற்று கொண்டுபோகிறது. வேலை நடக்கும் ஸ்ரௌவ்வில்லில் காற்றுக்குக் குறைவில்லை. மரம் வைக்காமல் வீடு வைத்திருக்கிறார்கள்.

வேலை இராஜரட்ணம் அண்ணையின் புது வீட்டில். குடிபூரல் நாள் குறித்துவிட்டார், மண்டபக்காரனுக்கும் சொல்லிவிட்டார், சுவர் மட்டும் இன்னும் நிர்வாணமாக நிற்கிறது. அந்தத் தெருவில் எல்லா வீடும் பக்கத்து வீடு மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டைவிடக் கொஞ்சம் திறமாக இருக்க வேண்டும். இந்தக் கொஞ்சத்தைத்தான் நான் வெளிச்சுவரில் பலகையாக ஆணியடித்துக்கொண்டிருக்கிறேன்.

எக்ஸ்ரே பற்றி எழுதியிருந்தீர். சுகமாக இருப்பவனைப் படமெடுத்து என்ன செய்வது? நன்றாகச் சாப்பிடுகிறேன். நன்றாக நித்திரை கொள்கிறேன். கட்டில் முழுவதும் எனக்கே என்றபடியால் சில நாட்களில் குறுக்காகவும் படுக்கிறேன். இப்படி ஒரு சுகம் இருப்பது முந்தியே தெரிந்திருந்தால் உம்மை இன்னும் வெள்ளனக் கோபப்படுத்தியிருப்பேன்.

இது பகிடி. வாரும்.

மாக்கஸ்


அஜக்ஸ்
9 மே, வெள்ளி

மாக்கஸ் அறிய,

பகிடி என்று எழுதிய இடத்தில்தான் எனக்குப் பகிடி விளங்கியது. நன்றி.

காற்று கொண்டுபோகிறது என்று எழுதினீர்கள். எங்கே கொண்டுபோகிறது என்பதையும் எழுதியிருக்கலாம். நீங்கள் சுழலும் தட்டுக் கிரைண்டரால் வெட்டுவதாக அன்புராசா சொன்னான். "அது சுறுக்கா வெட்டும் அக்கா. புகை மாதிரி வரும், ஆளையாள் தெரியாது." அவன் இதைப் பெருமையாகச் சொன்னான்.

வேலை முடிந்து வந்து, சீமெந்துப் பலகையை எப்படி வெட்டுவது என்று இந்த ஊர்க்காரர் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தேன். நடாஷா இங்கிலிசை விளங்கப்படுத்தினாள். ஒருவரும் கிரைண்டரைத் தொடவில்லை. நேர் வெட்டு என்றால் கூரான கத்தியால் கீறி, விளிம்பில் வைத்து, விசுக்கோத்து மாதிரி முறிக்கிறார்கள். மிச்சத்துக்கு ஒரு மின்சாரக் கத்திரி. துணி வெட்டுவதுபோல வெட்டுகிறது, துண்டு கீழே விழுகிறது, புகை இல்லை. வாள் வேண்டிய இடத்தில் பற்கள் குறைந்த தட்டைப் போட்டு, தூசியை வாயிலேயே பிடிக்கிற வக்கூமைக் கொழுவி, காற்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு வெளியில் நிற்கிறார்கள். கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கிறார்கள். உங்களைப்போலக் காற்றடிக்கும் கொம்பிரசரால் உடுப்பை ஊதுகிற ஒருவரையும் காணவில்லை. இவ்வளவும் முகமூடியோடு.

முகமூடி முகத்தில் இருந்தால் போதாது. பிடித்து இருக்க வேண்டும். எங்கள் நேர்சிங் ஹோமில் வருடாவருடம் சோதிக்கிறார்கள். மாஸ்க்கைப் போட்டதும் தலைக்கு மேலால் ஒரு கூடாரத்தைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தை விசிறுவார்கள். நாக்குக் கசந்தால் தோல்வி. தாடியோடு வருகிறவர்களைக் கூடாரத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். மயிருக்கு இடையால் காற்று போகும், சவரம் செய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். கடவுள் புண்ணியத்தில் உங்களுக்கு மழித்த முகம். காலையில் பல்லுத் தீட்ட மறந்தாலும் சவரத்தை மறக்காத மனிதர் நீங்கள். அந்த ஒரு கவலையாவது எனக்கு இல்லை.

உங்கள் முகமூடிக்குச் சோதனை சுலபம். இரண்டு வடிகட்டியையும் உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சை இழுங்கள். முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டுகிறதா என்று எழுதுங்கள்.

பேர்ணடெற்


ஸ்காபரோ
12 மே, திங்கள்

பேர்ணடெற்றுக்கு,

உமது மனம் குளிரும் செய்தி: தூசிப் பிரச்சினை தீர்ந்தது.

தீர்த்து வைத்தவர் இராஜரட்ணம் அண்ணை. வெள்ளிக்கிழமை வந்து நெடுநேரம் தன் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாக்கஸ், இந்தக் காரை நான் என்ன நிறத்தில எடுத்தனான்?"

"கறுப்பு அண்ணை."

"இப்ப என்ன நிறம்?"

"கழுவினாப் போயிடும் அண்ணை."

"கார் கழுவுப்படும். பக்கத்து வீட்டுக்காரன் சிற்றிக்காரருக்குப் போனடிச்சுச் சொன்னானெண்டா அதைக் கழுவேலாது. கராஜுக்குள்ள வைச்சு வெட்டுமன். கதவை இழுத்து மூடிப்போட்டு வெட்டும். ஒரு பொடி வெளியில வரப்படாது."

அன்று முதல் அப்படித்தான். கதவை மூடி வெட்டுகிறேன். வெளியே ஒரு பொடி இல்லை. கார் கறுப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் கை காட்டுகிறான். தெரு முழுவதும் வெள்ளை விரித்ததுபோலச் சுத்தம். சுத்தமாக வெட்ட வேண்டும் என்று நீர் எழுதியதும் அவர் சொன்னதும் ஒன்றாக வந்துவிட்டன.

முகமூடியும் போடுகிறேன். அன்புராசாவைக் கேட்டுப் பாரும்.

மீன் குழம்புக்குப் புளி கொஞ்சம் கூட.

மாக்கஸ்


அஜக்ஸ்
13 மே, செவ்வாய்

மாக்கஸ்,

கதவை மூடினீர்களா?

குலசிங்கத்துக்கும் மூடிய கடைதான். வின்ரர் என்று கதவை மூடினார்களாம். பிறகு சமரிலும் பழக்கமாகிவிட்டதாம். இன்று காலை அவரைக் குளிக்க வார்த்தபோது உங்கள் கராஜைப் பற்றிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். "சொல்லுங்கோ" என்றார். என்ன சொல்ல என்று கேட்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. மிச்சத்தைக் கண்ணால் சொன்னார். அவருடைய முழு வசனம் அது. நான் சொல்லிவிட்டேன்.

காருக்குச் சுத்தம், தெருவுக்குச் சுத்தம், பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சுத்தம். அவ்வளவு தூசியும் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையா? ஒரு மூடிய பெட்டிக்குள் நீங்களும் அதுவும் மட்டும் நிற்கிறீர்கள்.

முகமூடி ஒட்டுகிறதா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அன்புராசாவைக் கேட்கச் சொன்னீர்கள், கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"ஒட்டுமக்கா. ஆனா ஒட்டாது."

"ஏனடா?"

"தாடி இருக்கெல்லே."

"ஆருக்குத் தாடி?"

அவன் நடாஷாவைப் பார்த்தான். நடாஷா தொலைபேசியைப் பார்த்தாள். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏன் தாடி வைத்திருக்கிறீர்கள்? கதவைத் திறங்கள். முதலில் கதவைத் திறந்துவிட்டுப் பிறகு பதில் எழுதுங்கள்.

பே.


ஸ்காபரோ
16 மே, வெள்ளி

பேர்ணடெற்றுக்கு,

கதவைத் திறந்துவிட்டேன். இராஜரட்ணம் அண்ணையின் முகம் மூடிக்கொண்டது.

தாடி விஷயத்தை நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். நீர் வந்தால் சொல்ல வேண்டிய தேவை இருக்காது என்றும் இருந்தேன்.

நீர் வீட்டை விட்டுப் போன அந்தக் கிழமை, ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கீழே தேத்தண்ணிக்குப் போய்விட்டார்கள். நான் அந்தோனியார் சுரூபத்தடியில் நின்றேன். காணாமற்போன சாமானுக்குத்தானே அவரைப் பிடிப்பார்கள். கார்த் திறப்புக்கும் பாஸ்போட்டுக்கும் ஓடி வருகிறவர், பெண்சாதிக்கு வரமாட்டாரா? வெறும் கையோடு கேட்கக் கூடாது. மெழுகுதிரி எல்லோரும் கொளுத்துகிறார்கள். அதனால் நேர்ந்தேன். நேர்ந்த சொல் இது: "பேர்ணடெற் எங்கட வீட்டுப் படி ஏறுமட்டும் என்ர முகத்தில சவரக்கத்தி படாது."

நான் சவரத்தில் எவ்வளவு கவனம் என்பது உமக்குத் தெரியும். நீரே எழுதியிருந்தீர். அதனால்தான் அதை நேர்ந்தேன். விருப்பமில்லாததைக் கொடுப்பது நேர்த்தி அல்ல.

பிறகு உமது முகமூடி வந்தது. நீர் சொன்னபடி உள்ளங்கையால் மூடி இழுத்துப் பார்த்தேன். கன்னத்தோரமாகக் காற்று சுகமாக உள்ளே வந்தது. பெல்ற்றை இறுக்கினேன். தலையிடி வந்தது, காற்றும் வந்தது. தாடிக்கு மேலால் வசலீன் பூசியும் பார்த்தோம். அது அன்புராசாவின் கண்டுபிடிப்பு. முகமூடி வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது.

இப்போது நிலைமை இப்படி இருக்கிறது. முகமூடி ஒட்டினால் நீர் வருவீர். சவரம் செய்தால்தான் முகமூடி ஒட்டும். நீர் வந்தால்தான் நான் சவரம் செய்யலாம். நான் இதைப் பல தடவை யோசித்துவிட்டேன், எந்தப் பக்கத்தால் போனாலும் தாடிக்குத்தான் வந்து சேருகிறது.

ஆகவே நீர் வருவதுதான் எல்லோருக்கும் சுகம்.

மாக்கஸ்


அஜக்ஸ்
18 மே, ஞாயிறு

மாக்கஸ் அறிய,

நான் திரும்பி வருவதற்காக நேர்ந்திருக்கிறீர்கள். நான் திரும்பி வரக்கூடாது என்று ஒருவன் திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு திறமாக அமைந்திருக்காது.

நான் இப்போது வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சவரம் செய்வீர்கள், இரண்டு நாள் முகமூடி போடுவீர்கள், எக்ஸ்ரேயை நத்தார்ப் பண்டிகைக்குத் தள்ளிவைப்பீர்கள். நான் வெளியில் நிற்பது ஒன்றுதான் என் கையில் இருக்கும் பிடி. அதையும் விட்டுவிட்டு உங்களிடம் எதைக் கேட்பேன்?

பூசை முடிந்து ஜூலியன் சுவாமியிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். பாவம், சிரிக்காமல் இருக்க முயன்றார்.

"மகள், நேர்த்தியை மாத்தலாம். உயிருக்கு ஆபத்தெண்டா அதுக்கு இடமிருக்கு. தாடிக்குப் பதிலா ஒரு செபமாலை சொல்லச் சொல்லும். அந்தோனியார் தாடி அளந்து பாக்கிறவர் இல்லை."

"நீங்களே இவருக்குச் சொல்லுங்கோ சுவாமி."

"வரச் சொல்லும். நான் எழுதியும் தாறன்."

போங்கள். கால் மணித்தியால வேலை. நான் உங்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை குலசிங்கம் போய்விட்டார். நான் விடியற்காலை வேலைக்குப் போனபோது கட்டில் வெறுமையாக, விரிப்பு மாற்றிக் கிடந்தது. மனைவி வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனா. போகும்போது என்னிடம், "இவர் கதைக்கிற மனிசன் தங்கச்சி. கலியாண வீட்டில ஒருத்தரையும் கதைக்க விடமாட்டார். நீங்கள் அவரின்ர குரலைக் கேக்கேல்லை" என்றா.

உங்களுடைய குரலை நான் இப்போது தொலைபேசியிலும் கேட்பதில்லை. உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று அன்புராசாவிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

பேர்ணடெற்


ஸ்காபரோ
21 மே, புதன்

பேர்ணடெற்றுக்கு,

குலசிங்கத்துக்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொன்னேன். சைவக்காரர் என்று தெரியும். கோபிக்க மாட்டார்.

ஜூலியன் சுவாமியிடம் போகவில்லை. சுவாமி நல்லவர். ஆனால் பெண்சாதி கோபித்துக்கொண்டு போன வீட்டில் தனியச் சாப்பிட்டுப் பழகாதவர். நேர்ந்ததை மாற்றினால் அந்தோனியார் ஒன்றும் செய்யமாட்டார் என்று அவருக்குத் தெரியும். நானும் அதற்குத்தான் பயப்படுகிறேன். அவர் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால்?

சிரிப்பாக இருக்கும் உமக்கு. எனக்கும் எழுதிவிட்டு வாசித்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் கண்ணாடியில் தாடியைப் பார்க்கும்போது, உம்மைக் கூப்பிட ஏதோ ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு ஆறுதல். வேறொன்றும் செய்யத் தெரியாதவனுக்குத் தாடிதான் வளரும்.

நேற்று ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். பாதியில் நின்றேன். ஏன் நின்றேன் என்று விளங்கவில்லை. காலுக்கு ஒன்றுமில்லை, கைக்கும் ஒன்றுமில்லை. காற்று இல்லை. அவ்வளவு பெரிய வெளியில், மரமில்லாத அந்த ஊரில், எனக்கு மட்டும் காற்று இல்லை. அன்புராசா ஒன்றும் பேசாமல் பலகையை வாங்கினான். உமது தம்பி பேசாமல் இருந்ததை நான் முதன்முதலாக நேற்றுத்தான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். போன கிழமை எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் போனேன். காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்தேன். படம் எடுக்கும்வரைக்கும் நான் இருமல்காரன். எடுத்த பிறகு நான் யாரென்று தெரியாது. வீட்டில் அதைச் சொல்வதற்கும் ஒருவருமில்லை. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பாட்டை இனிக் கொஞ்சம் குறைத்துப் போடும். மிஞ்சுகிறது.

மாக்கஸ்


அஜக்ஸ்
23 மே, வெள்ளி

மாக்கஸ் அறிய,

நீங்கள் நேர்ந்த சொல்லைப் பல தடவை வாசித்தேன். "பேர்ணடெற் எங்கட வீட்டுப் படி ஏறுமட்டும்." ஏறி உள்ளே இருக்குமட்டும் என்று இல்லை. சமைத்துப் போடுமட்டும் என்று இல்லை. படி ஏறுமட்டும், அவ்வளவுதான். பேரம் பேசும்போது நீங்கள் எப்போதும் ஏதாவதொன்றை விட்டுவிடுவீர்கள்.

இன்றைக்கு எனக்கு லீவு. கோ ட்ரெயினில் ஏறி, பஸ் பிடித்து, நீங்கள் வேலைக்குப் போன பிறகு ஸ்காபரோவுக்கு வந்தேன். எங்கள் வீட்டுப் படியில் ஏறினேன். பிறகு நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று யோசித்து, இறங்கிப் போய்ப் பக்கத்து வீட்டு ஸபீராவைக் கூட்டி வந்து அவவின் கண் முன்னால் இன்னொருதரம் ஏறினேன்.

"நான் பாத்தேண்டு மாக்கஸுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டா.

"ஓம். கேட்டால் சொல்லுங்கோ."

"சத்தியமும் பண்ணணுமா?"

"தேவைப்படலாம்."

"என்ன நடக்குது இந்த ஊட்டுல" என்றா. நான் விளங்கப்படுத்தவில்லை. அந்தத் தெருவில் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

திறப்பு என்னிடம் இருந்தது. உள்ளேயும் போனேன். உங்கள் வேலை உடுப்பு எல்லாம் எங்கள் கராஜுக்கு வெளியே பையில் கட்டியிருந்தது. வீட்டுக்குள் ஒரு பொடி தூசி இல்லை. நான் சொன்னதை நான் இல்லாத வீட்டில் செய்திருக்கிறீர்கள். மற்ற அறைகளையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி இப்போது எழுதவில்லை.

முகம் கழுவும் பேசினில் புது சவரக்கத்தி வைத்திருக்கிறேன். உங்கள் நேர்த்தி நிறைவேறிவிட்டது. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு, அடுத்த ட்ரெயினில் அஜக்ஸுக்கு வந்துவிட்டேன். நின்றிருக்கலாம். குசினிக் கதிரையில் இருந்து அதைத்தான் நினைத்தேன். ஆனால் நின்றால் நீங்கள் எக்ஸ்ரேக்குப் போகமாட்டீர்கள். திரும்பி வரும்போது ட்ரெயினில் அழுததை ஒரு வெள்ளைக்காரி பார்த்துவிட்டு ரிஷூ பேப்பர் தந்தா. இதை எழுத வேண்டிய தேவையில்லை. எழுதிவிட்டேன்.

சவரம் செய்யுங்கள். உள்ளங்கையால் மூடி இழுத்துப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசல் கொஞ்சத் தூரம்தான்.

பேர்ணடெற்


ஸ்காபரோ
28 மே, புதன்

பேர்ணடெற்றுக்கு,

ஸபீராவிடம் கேட்டேன். சத்தியம் பண்ணினா.

அன்றைக்கே சவரம் செய்தேன். தாடிக்குக் கீழே இருந்த முகம் என்னுடையது மாதிரி இல்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. முகமூடியைப் போட்டு, உள்ளங்கையால் மூடி, மூச்சை இழுத்தேன். ஒட்டியது. அப்படி ஒட்டியது. ஒரு நிமிடம் காற்றில்லாமல் நின்று, உமது குலசிங்கத்தை நினைத்துக்கொண்டேன்.

கிரைண்டரைப் பெட்டியில் போட்டுவிட்டேன். மின்சாரக் கத்திரி ஒன்று வாடகைக்கு எடுத்தோம். நீர் எழுதியது உண்மை, துணி மாதிரித்தான் வெட்டுகிறது. வெளியில் வைத்து அன்புராசா வெட்டுகிறான். அவனுடைய மீசையும் ஆட்டுத்தாடியும் போய்விட்டன; அவனுடைய பெண்சாதிக்கே ஆளை அடையாளம் பிடிக்க நேரம் எடுத்ததாம். இராஜரட்ணம் அண்ணை கார் என்ன ஆகும் என்று கேட்டார். "அண்ணை, காரை மற்றத் தெருவில விடுங்கோவன்" என்றேன். காருக்குச் சில்லு இருக்கிறது என்பது இவ்வளவு நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை.

நான் ஒன்றும் வெட்டுவதில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுத்தேன். இன்று டொக்ரர் கூப்பிட்டா. இரண்டு பக்கமும் மேல் பாகத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் இருக்கிறதாம். ஸ்கான் எடுத்துத்தான் முழுவதும் சொல்லலாமாம். உள்ளே போனதை எடுக்க மருந்தில்லையாம், இனிமேல் போகாமல் பார்க்கலாமாம். தூசிப் பக்கமே போகக் கூடாதாம். அவ படத்தைக் காட்டினா. வின்ரரில் முதல் பனி விழத் தொடங்கும்போது வானம் இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. எங்களுக்கு முந்தி அது வடிவாக இருந்தது.

நீர் கேட்ட இரண்டும் நடந்துவிட்டன. ஆனால் நீர் வருவதாகச் சொன்னது இந்தப் பொட்டுகள் தெரிவதற்கு முதல். அந்தச் சொல்லில் உம்மைப் பிடித்து வைக்க எனக்கு விருப்பமில்லை. வேலையில் ஒருவரைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து வீட்டிலும் அதையே செய் என்று எப்படிக் கேட்பது? இப்போது என் முகத்தில் தாடியும் இல்லை. உம்மைக் கூப்பிட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மாக்கஸ்


அஜக்ஸ்
29 மே, வியாழன்

மாக்கஸ் அறிய,

இன்றைக்குப் பை பாரம் குறைவாக இருந்திருக்கும். உள்ளே கடிதம் மட்டும்தான். சோற்றை இரவு வீட்டில் சாப்பிடலாம். நானும் நடாஷாவும் பின்னேரம் வந்துவிடுவோம். ஸ்கானுக்கு நாள் வந்ததும் நான் லீவு போடுவேன்.

வேலை உடுப்பை வழமைபோல வெளியில் கழற்றி வையுங்கள்.

கட்டிலில் குறுக்காகப் படுப்பதாக எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு வந்தபோது அறையைப் பார்த்தேன். நான் போகும்போது விரித்த விரிப்பு, அதே மடிப்போடு, ஒருவரும் படுக்காமல் இருந்தது. சோபாவின் ஒரு மூலையில் வீட்டிலுள்ள எல்லாத் தலையணைகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒரு மனிதன் படுக்காமல் சாய்ந்திருந்தபடி நித்திரை கொள்ளுமளவுக்கு உயர்ந்து நின்றன. எங்கள் நேர்சிங் ஹோமில், படுத்தால் மூச்சு முட்டுகிறவர்களுக்கு இப்படி நான்தான் அடுக்குகிறேன்.

நான் வருகிறேன் என்று அவற்றை எடுத்து ஒளிக்க வேண்டாம். கட்டிலில் அடுக்கலாம்.

பேர்ணடெற்